கடற்படை மருத்துவ அதிகாரி ஆவது எப்படி: எம்பிபிஎஸ் முதல் கப்பலின் சிக்பே (மருத்துவ அறை) வரை

2025 ஏப்ரல் 4 அன்று, ஓமனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 350 கடல்மைல் தொலைவில், அரபிக்கடலில் போய்க்கொண்டிருந்த ஈரானியத் தோணி ஒன்றிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வந்தது. எஞ்சின் வேலையில் இருந்த மாலுமி ஒருவரின் கைவிரல்கள் மோசமாக அடிபட்டிருந்தன, ரத்தம் நிற்கவில்லை. அழைப்பைக் கேட்ட இந்தியக் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் திரிகண்ட் உடனே திசை மாறியது. காயமடைந்தவரை அதற்குள் வேறொரு மீன்பிடிக் கலத்துக்கு மாற்றியிருந்தார்கள். கப்பலின் மருத்துவ அதிகாரி, கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்கள் உடன்வர, அந்தக் கலத்தில் ஏறினார். உணர்வு மரக்கும் ஊசி போட்டு, தைத்து, சிம்பு வைத்துக் கட்டி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரல்கள் அழுகிப்போகாமல் தப்பின. காயமடைந்தவர் பாகிஸ்தான் நாட்டவர். கலம் ஈரான் போய்ச் சேரும்வரைக்குமான ஆன்டிபயாடிக் மருந்துகளையும் கொடுத்துவிட்டுத் திரிகண்ட் கிளம்பியது.

கடற்படை மருத்துவர் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். அங்கே தியேட்டர் விளக்கு கிடையாது. பக்கத்து வார்டிலிருந்து எலும்பு மருத்துவரைக் கூப்பிட முடியாது. எவ்வளவு செய்யலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை அங்கே நிற்கிற ஒரே மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். சம்பளம், சீருடை, கேன்டீன் எல்லாம் இதற்கு அப்புறம்தான். இந்தத் தனிமை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்காகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். விண்ணப்பம் போடும் வழியும் இதற்குள்ளேயே வரும்.

முதல் படி: யாருடைய ஆள் ஆகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடற்படை தனக்கென்று தனியாக மருத்துவர்களை எடுப்பதில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பொதுவாக ஆயுதப்படை மருத்துவப் பணிகள் என்ற அமைப்பு இருக்கிறது. தேர்வு நடத்துவதும் ஆள் எடுப்பதும் அதுதான். தேர்வாகிறவர்கள் 1943-ல் உருவான ராணுவ மருத்துவப் படைப்பிரிவில் ஆணை (கமிஷன், அதாவது அதிகாரி நியமனம்) பெற்று, அங்கிருந்து கடற்படைக்கோ விமானப்படைக்கோ அனுப்பப்படுகிறார்கள். இதனால் பணிக்காலத்தின் நடுவில் ஒரு படையிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் வழி உண்டு. 2004-ல் இந்திய ஆயுதப்படைகளின் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல் ஆன புனிதா அரோரா, பிறகு கடற்படைக்கு மாறி சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆனார். 2024 அக்டோபர் 1 அன்று மூன்று படைகளின் மருத்துவப் பணிகளுக்கும் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற முதல் பெண்ணான ஆர்த்தி சரின் மூன்று படைகளின் சீருடையையும் அணிந்தவர்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், "கடற்படைதான் வேண்டும்" என்ற பிடிவாதத்தோடு வருகிறவர்கள் பலர். விண்ணப்பத்தில் விருப்பம் கேட்பார்கள். காலியிடம் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஒதுக்கீடு. பெரும்பாலான இடங்கள் தரைப்படைக்கே போகும். லடாக்கின் லே நகரில் ஒரு கள மருத்துவமனைக்கு அனுப்பினாலும் போவேன் என்றால் மட்டும் விண்ணப்பியுங்கள்.

இரண்டாம் படி: எந்த வாசல் வழியாக நுழைவது

மூன்று வாசல்கள் இருக்கின்றன.

பிளஸ் டூ முடித்த கையோடு நுழைவது புனேயில் இருக்கும் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, அதாவது ஏஎஃப்எம்சி. இந்திய மாணவர்களுக்கு ஆண்டுக்கு 145 இடங்கள், அதில் 115 ஆண்கள், 30 பெண்கள். நீட் எழுதி, கலந்தாய்வுக்கான இணையதளத்தில் ஏஎஃப்எம்சி-யையும் விருப்பமாகப் பதிவு செய்ய வேண்டும். இதைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, மதிப்பெண் நன்றாக இருந்தும் கூப்பிடவில்லையே என்று புலம்பும் பெற்றோர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. பட்டியலில் வந்தவர்களைப் புனேக்கு அழைத்து ஆங்கில அறிவும் தர்க்கமும் சார்ந்த கணினித் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல், உடல் பரிசோதனை என்று வரிசையாக நடத்துவார்கள். வயது 17-க்கும் 24-க்கும் இடையில் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. படித்து முடித்ததும் நிரந்தர ஆணை அல்லது 7 ஆண்டு குறுகிய கால ஆணை. இடையில் விட்டுப்போனால் கட்ட வேண்டிய பாண்ட் தொகை நடுத்தரக் குடும்பத்தால் தாங்கக்கூடியது அல்ல. 17 வயதுப் பிள்ளை அப்பா ஆசைக்காகக் கையெழுத்துப் போடும் இடம் இது என்பதால், சேர்வதற்கு முன் வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

இரண்டாவது வாசல்தான் பெரும்பாலானோருக்கு உரியது. வேறு கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்து, பயிற்சி மருத்துவர் காலத்தையும் முடித்து, குறுகிய கால ஆணைக்கு விண்ணப்பிப்பது. எல்லோரும் எஸ்எஸ்சி (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) என்றே சொல்வார்கள். அறிவிப்பு வரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று எம்பிபிஎஸ் மட்டும் படித்தவருக்கு 30 வயதும், முதுகலைப் பட்டம் பெற்றவருக்கு 35 வயதும் தாண்டியிருக்கக் கூடாது. இறுதி எம்பிபிஎஸ் தேர்வில் இரண்டு முயற்சிகளுக்குள் தேறியிருக்க வேண்டும். இந்த விதியில் சலுகை கிடையாது. மூன்றாவது முயற்சியில் தேறியவர்கள் நேர்காணலுக்காக டெல்லிக்கு டிக்கெட் எடுத்து ஏமாற வேண்டாம்.

முதலில் 5 ஆண்டுகள். பிடித்திருந்தால் இன்னும் 5, அதன் பிறகு 4 என்று மொத்தம் 14 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். இடையில் துறைத் தேர்வு வழியாக நிரந்தர ஆணைக்கும் முயற்சி செய்யலாம்.

மூன்றாவது வாசல் முதுகலைப் படிப்பு வழியானது. ஏஎஃப்எம்சி-யிலும் படைகளின் பெரிய மருத்துவமனைகளிலும் உள்ள எம்டி, எம்எஸ் இடங்களில் முதல் உரிமை பணியில் இருக்கும் அதிகாரிகளுக்குத்தான். மிஞ்சும் இடங்களில் வெளி மருத்துவர்களையும் சேர்ப்பார்கள். படித்து முடித்ததும் 5 ஆண்டு குறுகிய கால ஆணையில் பணியாற்றியாக வேண்டும்.

பல் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பாதை வேறு. முறையே ராணுவப் பல் மருத்துவப் பிரிவும் ராணுவச் செவிலியர் பணியும் அவர்களுக்கு உரியவை. அதை இங்கே தொடப்போவதில்லை.

மூன்றாம் படி: காகிதங்கள்

அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். இணையவழி விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். அதற்குள் கல்லூரியில் முயற்சிச் சான்றிதழ் வாங்குவது நடக்காத காரியம். எத்தனையாவது முயற்சியில் தேறினீர்கள் என்று கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டுத் தரும் தாள்தான் அது. தமிழ்நாட்டில் படித்தவர்கள் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு முடித்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக் காலத்தில் தரும் தற்காலிகப் பதிவு போதாது.

இன்னொன்று, முதுகலை மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் பிஜி-யின் மதிப்பெண். எந்தெந்த ஆண்டுகளில் எழுதிய நீட் பிஜி செல்லும் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலை அதைக் கொண்டே தயாரிக்கிறார்கள். "நான் ராணுவத்துக்குத்தானே போகிறேன், நீட் பிஜி எதற்கு" என்று அந்தத் தேர்வை எழுதாமல் விட்டவர்களுக்குக் கதவு அங்கேயே மூடிவிடும்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அரசுக் கல்லூரியில் முதுகலை முடித்தவர்களுக்கு மாநில அரசின் பணி பாண்ட் பாக்கி இருக்கும். அதை முடிக்காமலோ முறையாக விடுவித்துக்கொள்ளாமலோ வந்தால், அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலமாரியில் இருக்கும், நீங்கள் டெல்லியில் நிற்பீர்கள். நேர்காணல் நாளில் அசலைக் காட்டியாக வேண்டும்.

நான்காம் படி: நேர்காணலும் உடல் பரிசோதனையும்

நேர்காணல் டெல்லி கன்டோன்மென்ட்டில் உள்ள ராணுவ மருத்துவமனையில் நடக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களும் மருத்துவர்கள்தான், அவர்கள் தோளில் நட்சத்திரங்கள் இருக்கும், அவ்வளவுதான். வந்தவர் பாதுகாப்பாக நோயாளியைப் பார்ப்பாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா, குழுவோடு ஒத்துப்போவாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். மாரடைப்பு, பாம்புக்கடி, வெப்பத் தாக்கு, தலைக்காயம், அதிர்ச்சி நிலை இவற்றின் முதல் ஒரு மணி நேரத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும், அரிய நோய்களின் பட்டியலை யாரும் கேட்கப்போவதில்லை. "ஏன் இந்த வேலை?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நாட்டுப்பற்றை மேடைப் பேச்சாகப் பேசினால் அவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு தெரியும். பாண்ட் இல்லாத வேலை தேடினேன், குடும்பத்தில் ஒருவர் படையில் இருந்தார், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக வேலை பார்த்துப் பிடித்துப்போனது என்று உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

நேர்காணலில் ஜெயித்துவிட்டு உடல் பரிசோதனையில் நிற்பவர்கள் அதிகம், அதுவும் பெரும்பாலும் சின்னக் காரணங்களுக்காக. காதில் அழுக்கு அடைத்திருந்து செவிப்பறை தெரியாமல் போவது, சொத்தைப் பல்லை அடைக்காமல் வருவது, மூலம், காலில் புடைத்த நரம்பு, விரைப்பையில் நீர், எடை. எம்பிபிஎஸ் படித்தவரே தன் ரத்த அழுத்தத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்க மாட்டார்! விண்ணப்பம் போட்ட அன்றே ஒரு பல் மருத்துவரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் கண் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைக்க மாதங்கள் வேண்டும், கடைசி வாரப் பட்டினி உதவாது. தகுதியில்லை என்று சொன்னால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். சரிசெய்யக்கூடிய குறை என்றால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வர வாய்ப்பு உண்டு.

முடிவு வந்து, சேரும் கடிதம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை இருக்கிற வேலையை விடாதீர்கள்.

ஐந்தாம் படி: லக்னோவில் மருத்துவர், அதன் பிறகு அதிகாரி

புதிதாக ஆணை பெற்றவர்கள் முதலில் லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படைப்பிரிவின் மையத்துக்குப் போவார்கள். அணிவகுப்பு, துப்பாக்கி, வரைபடம் படிப்பது, படைச் சட்டம், போர்க்களத்தில் காயமடைந்தவர்களை வகைப்படுத்துவது எல்லாம் அங்கே கற்றுத்தருவார்கள். முப்பதை நெருங்கும் எம்டி மருத்துவரை ஹவில்தார் ஒருவர் கையை இன்னும் மேலே தூக்கச் சொல்லி அதட்டுவார். அது முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். அங்கிருந்து கடற்படைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் கப்பல் வாழ்க்கைக்கான அறிமுகப் பயிற்சிக்குப் போவார்கள். நீச்சல் தெரியாதவர்கள் சேரும் முன்பே கற்றுக்கொள்வது நல்லது.

பதவி சர்ஜன் லெப்டினன்ட்டில் தொடங்கும். மனநல மருத்துவரானாலும் குழந்தை மருத்துவரானாலும் பதவிப் பெயருக்கு முன்னால் சர்ஜன் வரும். தோள்பட்டையில் தங்கப் பட்டைகளுக்கு நடுவே சிவப்புத் துணி தெரிந்தால் மருத்துவ அதிகாரி என்று கப்பலில் எல்லோருக்கும் புரியும். பிறகு சர்ஜன் லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன், கமோடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல் என்று ஏணி போகிறது. கமாண்டர் வரை காலக்கணக்கில் வந்துவிடும், அதற்கு மேல் தேர்வுக் குழுவின் கையில். ஒன்றை மறக்க வேண்டாம்: மருத்துவ அதிகாரி கடற்படை மருத்துவமனைக்குத் தலைமை ஏற்கலாம், போர்க்கப்பலுக்கு ஏற்க முடியாது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படை ஊதியம் 61,300 ரூபாய். ராணுவப் பணி ஊதியம் 15,500. தனியாகப் பிராக்டிஸ் செய்யக் கூடாது என்பதற்கு ஈடாக அடிப்படையில் 20 சதவீதம், அதாவது 12,260. ஆக 89,060 ரூபாய், இதற்கு மேல் அகவிலைப்படியும் இடத்துக்கேற்ற படிகளும் வரும். கடலில் இருக்கும் நாட்களுக்குத் தனிப் படி உண்டு. வீடும் மருத்துவமும் கிடைக்கும். எம்பிபிஎஸ் மட்டும் முடித்த 25 வயதுக்காரருக்குச் சென்னைத் தனியார் மருத்துவமனையின் இரவுப் பணி தருவதைவிட இது எவ்வளவோ மேல். பேர்பெற்ற எலும்பு அறுவை சிகிச்சை நிபுணருக்கு இது சம்பளமே இல்லை. அந்த வித்தியாசம் பத்தாவது ஆண்டில் உறுத்த ஆரம்பிக்கும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் உறுத்தல் கொஞ்சம் குறையும்.

ஆறாம் படி: கப்பலில் முதல் பணி

எல்லாக் கப்பலிலும் மருத்துவர் இருப்பதில்லை. சிறிய கப்பல்களில் மருத்துவ உதவியாளர் ஒருவர்தான், அவரும் மாலுமியே. ஃப்ரிகேட், டிஸ்ட்ராயர் போன்ற பெரிய போர்க்கப்பல்களில் ஒரு மருத்துவ அதிகாரி இருப்பார். அவருடைய இடத்துக்குச் சிக்பே என்று பெயர். ஒன்றிரண்டு கட்டில், மருந்து அலமாரி, தையல் போடும் சாமான்கள், கப்பல் ஆடும்போது எதுவும் விழாதபடி எல்லாவற்றுக்கும் பட்டையோ கொக்கியோ இருக்கும்.

விமானந்தாங்கிக் கப்பல் தனிக்கதை. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் பணியில் சேர்க்கப்பட்ட ஐஎன்எஸ் விக்ராந்தில் அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, சிடி ஸ்கேன், ஆய்வகம், பல் மருத்துவப் பிரிவு, தொற்றுநோயாளிகளைத் தனியே வைக்கும் வார்டு எல்லாம் உண்டு. ஐஎன்எஸ் ஜலாஷ்வாவில் நான்கு அறுவை அரங்குகள். முதல் முறை கடலுக்குப் போகும் இளம் மருத்துவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றைக் கட்டில் சிக்பேதான்.

காலையில் சிக்பேக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தோலில் படர்தாமரை. வெயில், வியர்வை, ஈரமான காலுறை, நெருக்கமான படுக்கை, அத்தனையும் சேர்ந்தால் வேறென்ன வரும்? அடுத்தது முதுகுவலி, பல்வலி, சமையலறையில் எண்ணெய் தெறித்த கை, கனமான இரும்புக் கதவில் நசுங்கிய விரல், எஞ்சின் அறை வெப்பத்தில் மயங்கியவர். கடல்நோய் எல்லோருக்கும் வரும், மருத்துவருக்கும் வரும். தலை சுற்றிக்கொண்டு, கையில் வாந்திப் பையோடு அடுத்தவருக்குத் தையல் போட்ட அனுபவம் இல்லாத கப்பல் மருத்துவர் குறைவு. காற்று எழும்பும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

நோயாளிகளைப் பார்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிட நோய் வராமல் பார்ப்பதற்கு ஆகும் நேரம் அதிகம். கல்லூரியில் சமூக மருத்துவ வகுப்பில் தூங்கியவர்கள் இங்கே வருத்தப்படுவார்கள். கடல்நீரிலிருந்து குடிநீர் தயாரிக்கும் கருவியின் தண்ணீரில் குளோரின் அளவு பார்க்க வேண்டும். சமையல்காரர்களின் நகத்தையும் கையில் உள்ள புண்களையும் பார்க்க வேண்டும், சமைத்ததைப் பரிமாறும் முன் ருசிபார்க்க வேண்டும். எலி, கரப்பான், கொசு. வெளிநாட்டுத் துறைமுகம் என்றால் யாருக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்ற பட்டியல். எஞ்சின் அறையில் வேலை செய்பவர்களின் காது கேட்கும் திறன். முன்னூறு பேர் ஒரே சமையலறையில் சாப்பிடும் கப்பலில் ஒரு நாள் வயிற்றுப்போக்கு பரவினால் ரேடாரைப் பார்க்க ஆள் இருக்காது. அந்த நாள் வராமல் இருந்தால் உங்களை யாரும் பாராட்டப்போவதில்லை, அதற்கும் தயாராக இருங்கள்.

சண்டைக்கால ஒத்திகை என்று மணி அடித்தால் அதிகாரிகளின் உணவுக்கூடமான வார்டுரூம் காயம்பட்டோரைக் கவனிக்கும் இடமாக மாறும், மேசைகள் சிகிச்சை மேசைகள் ஆகும். ஒரு மருத்துவரால் நாற்பது காயங்களைப் பார்க்க முடியாது. ஆகவே சமையல்காரருக்கும் எழுத்தருக்கும் ரத்தத்தை நிறுத்தவும் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கவும் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை. நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர் என்று ஒன்று இருக்கிறது. ஆளை மரச்சட்டங்களும் கித்தானும் சேர்த்துச் சுற்றிப் பட்டைகளால் இறுக்கி, செங்குத்தான ஏணி வழியாகவும் குறுகிய கதவு வழியாகவும் தூக்கலாம். அதில் ஒருமுறை நீங்களே படுத்து, உங்களைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். எஞ்சின் அறையிலிருந்து மேல்தளம் வரை எங்கெங்கே இடிக்கும் என்று அப்போதுதான் தெரியும்.

ஏழாம் படி: குடல்வால் அழற்சியும் கேப்டனும்

எல்லாப் பயிற்சியும் கடைசியில் வந்து சேரும் இடம் இது. கரையிலிருந்து மூன்று நாள் தொலைவு. 22 வயது மாலுமி, தொப்புளைச் சுற்றி வலித்தது இப்போது வலது அடிவயிற்றில் நிற்கிறது, காய்ச்சல், வாந்தி. ஸ்கேன் இல்லை. இது குடல்வாலா, சிறுநீரகக் கல்லா, வெறும் வாயுவா?

முதலில் உங்கள் கையை நம்புங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதே கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாடித்துடிப்பையும் வெப்பத்தையும் எழுதி வையுங்கள். வாய்வழி எதுவும் கொடுக்காமல் நரம்பு வழித் திரவமும் ஆன்டிபயாடிக் ஊசியும் தொடங்கலாம். பல நோயாளிகளுக்கு இது கரை சேரும்வரை தாங்கும். அதே சமயம் செய்தித் தொடர்பு வழியாகக் கரையில் இருக்கும் அறுவை சிகிச்சை நிபுணரிடம் பேசுங்கள். கூச்சப்பட்டுக் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் கேப்டனிடம் போக வேண்டும். கப்பலைத் திருப்புவது, வேகத்தைக் கூட்டுவது, ஹெலிகாப்டரை எழுப்புவது எல்லாம் அவர் முடிவு. உங்களிடமிருந்து அவருக்கு வேண்டியது நேர அளவு. "சந்தேகமாக இருக்கிறது சார்" என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. "குடல்வால் அழற்சி என்று நினைக்கிறேன். மருந்தில் இன்று இரவு தாங்கலாம். நாளை மதியத்துக்குள் அறுவை அரங்கு இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வெடித்தால் உயிருக்கு ஆபத்து" என்றால் அவர் வரைபடத்தைப் பார்ப்பார், ஹெலிகாப்டர் எட்டும் தூரத்துக்கு எப்போது போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடுவார். அவர் வேறு முடிவு எடுத்தால் அதற்கான காரணத்தைக் கேளுங்கள், உங்கள் மருத்துவக் கருத்தைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். இருவருக்கும் அதுதான் நல்லது.

கேப்டன் உங்கள் மேலதிகாரி. நோயாளியும் அவருக்குக் கீழே இருப்பவர். தூக்கம் வரவில்லை, மனைவியோடு தகராறு, சில நேரம் சாகலாம்போல இருக்கிறது என்று ஒரு மாலுமி உங்களிடம் மட்டும் சொல்கிறார். அவர் அன்று இரவு ஆயுதக் காவலில் நிற்கப்போகிறவர். எவ்வளவை வெளியே சொல்வீர்கள்? என் கருத்தில், அவர் அந்த வேலைக்குத் தகுதியாக இல்லை என்பதை உடனே சொல்லியாக வேண்டும். ஏன் என்பதில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. இதை மாலுமியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அடுத்த முறையும் அவர் உங்களிடம் வருவார். சீருடை போட்ட மருத்துவருக்கு இரண்டு விசுவாசங்கள் உண்டு, அவை மோதும் நாள் எல்லோருக்கும் வரும்.

போர்க்காலத்தில் மருத்துவ அதிகாரிக்கு 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பாதுகாப்பு உண்டு. தன்னையும் நோயாளிகளையும் காப்பாற்றிக்கொள்ளச் சிறு ஆயுதம் வைத்திருக்கலாம். எதிரி நாட்டுக் காயம்பட்டவருக்கும் மருத்துவத் தேவையைப் பார்த்துத்தான் முறை தர வேண்டும், எந்த நாட்டுக் கொடி என்று பார்க்கக் கூடாது.

எட்டாம் படி: பேரிடர் வரும் நாள்

போர் வராமலே பணிக்காலம் முடியலாம், பேரிடர் வராமல் முடியாது. 2004 சுனாமியின்போது கடலை அளந்து வரைபடம் தயாரிக்கும் கப்பல்களான ஐஎன்எஸ் ஜமுனாவும் ஐஎன்எஸ் நிருபக்கும் மருத்துவமனைக் கப்பல்களாக மாற்றப்பட்டன. நிருபக் இந்தோனேசியாவுக்குப் போனது. 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது சமுத்திர சேது நடவடிக்கையில் 3,992 இந்தியர்களைக் கடற்படை அழைத்து வந்தது. ஜலாஷ்வா முதலில் மாலத்தீவின் மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சியில் இறக்கியது, ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கும் வந்தது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் நிறைந்த கப்பலில், நோய்த்தொற்றுள்ளவரைக் கண்டுபிடித்துத் தனியே வைப்பது, மாலுமிகளுக்குத் தொற்றாமல் பார்ப்பது, அத்தனைக்கும் மருத்துவ அதிகாரியே பொறுப்பு. அன்று ராணுவக் கப்பலில் மகப்பேறு மருந்துகளும் குழந்தைகளுக்கான மருந்தளவும் தேடியவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். இந்த ஒரு பாடத்தை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் மருந்து அலமாரியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியவை எப்போதும் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: கரையில் என்ன படிப்பது

கப்பலில் இரண்டு ஆண்டுகள் இருந்தால் முதலுதவியில் கை தேறும், மற்றதில் துருப்பிடிக்கும். ஆகவே கரைக்கு வரும்போது படிக்க வேண்டும். மும்பை கொலாபாவில் இருக்கும் ஐஎன்எச்எஸ் அஸ்வினிதான் கடற்படையின் மிகப் பெரிய மருத்துவமனை. விசாகப்பட்டினத்தில் கல்யாணி, கொச்சியில் சஞ்சீவனி, கோவாவில் ஜீவந்தி, கார்வாரில் பதஞ்சலி, ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) தன்வந்தரி. தமிழ்நாட்டில் பெரிய மருத்துவமனை இல்லை. அரக்கோணம் ராஜாளி, உச்சிப்புளி பருந்து, திருநெல்வேலி அருகே விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் போன்ற தளங்களில் மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. அங்கே மாலுமிகளோடு அவர்கள் குடும்பத்தினரும் வருவார்கள். ஊருக்குப் பக்கத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம், எதிர்பார்க்காதீர்கள்.

கடற்படைக்கே உரிய படிப்பு கடல்சார் மருத்துவம். அதற்கான நிறுவனம் அஸ்வினி வளாகத்தில் இருக்கிறது. முத்துக்குளிப்பவர் முதல் நீர்மூழ்கி வீரர் வரை, ஆழத்துக்குப் போகும் உடம்பு படும் பாடு அங்கே பாடம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். முக்குளிப்பவர் சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழ்களாக வெளிவரும். மூட்டு வலி என்று தொடங்கி, தண்டுவடத்தைத் தொட்டால் கால் விழுந்துவிடும். அழுத்த அறைக்குள் படுக்கவைத்து, 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் மெல்ல மேலே கொண்டுவருவதுதான் வழக்கமான சிகிச்சை. காலையில் நடக்க முடியாமல் வந்த முக்குளிப்பாளர் மாலையில் நடந்து வெளியே போவதைப் பார்க்கும் வாய்ப்பு வேறு துறையில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. மற்றவர்கள் படிக்க அஞ்சும் துறை என்பதால் போட்டியும் குறைவு. என்னைக் கேட்டால் கடற்படைக்கு வருகிறவர் கண்வைக்க வேண்டியது இதில்தான்.

கடற்படை விமானத் தளங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பெங்களூருவில் விமானப்படையின் விமான, விண்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மருத்துவம், அறுவை, மயக்கவியல் போன்ற வழக்கமான துறைகளுக்குப் பணியிலுள்ளோர் ஒதுக்கீட்டில் போட்டி கடுமை. கடலில் இருக்கும்போது நீட் பிஜி-க்குப் படிப்பது லேசல்ல, இணையம் வந்து வந்து போகும். புத்தகமாகவே எடுத்துக்கொண்டு போங்கள்.

பத்தாம் படி: தொடர்வதா, வெளியேறுவதா

ஐந்தாவது ஆண்டு நெருங்கும்போது முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு பணி வேண்டும், குறுகிய கால ஆணையில் 14-க்கு மேல் போக முடியாது. ஆகவே ஓய்வூதியம்தான் முக்கியம் என்றால் நிரந்தர ஆணைக்கு முன்கூட்டியே முயற்சி செய்யுங்கள், வயது வரம்பு காத்திருக்காது. குறுகிய கால ஆணையில் வெளியேறுபவர்களுக்குப் பணிக்கொடை கிடைக்கும். முன்னாள் குறுகிய கால அதிகாரிகளுக்கு ஏஎஃப்எம்சி முதுகலை இடங்களில் வெளி மருத்துவர்களுக்கு முந்திய உரிமை உண்டு.

கல்யாணம் ஆனவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு மாற்றல். கணவனோ மனைவியோ இன்னொரு மருத்துவர் என்றால் அவருடைய வேலை, குழந்தையின் பள்ளி, சென்னையில் இருக்கும் அம்மாவின் மூட்டுவலி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இருவருமே படை மருத்துவர்களாக இருந்தால் ஒரே ஊரில் போட முயற்சி செய்வார்கள், உறுதி கிடையாது.

வெளியே வந்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கவலைப்பட வேண்டாம். வணிகக் கப்பல் மாலுமிகளின் உடல் தகுதியைப் பரிசோதிக்கக் கப்பல் துறை தலைமை இயக்குநரகம் மருத்துவர்களுக்கு அங்கீகாரம் தருகிறது. சென்னை, தூத்துக்குடி, கொச்சி போன்ற துறைமுக ஊர்களில் கடல் தெரிந்த மருத்துவருக்கு மதிப்பு உண்டு. ஆழ்கடல் எண்ணெய் மேடைகள், அழுத்த அறை சிகிச்சை மையங்கள், பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, நிர்வாகம் என்று வழிகள் இருக்கின்றன.

அதற்காக முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்த தையல், போட்ட மயக்க ஊசி, பார்த்த பிரசவம், அனுப்பிவைத்த நோயாளி எல்லாவற்றையும் பெயர் இல்லாமல், தேதியோடும் துறையோடும் எழுதுங்கள். கப்பல் பெயரும் பயண வழியும் அதில் வேண்டாம், அவை ரகசியமாக இருக்கலாம். ஐந்து ஆண்டு கழித்து ஒரு மருத்துவமனை "உங்கள் கை அனுபவம் என்ன?" என்று கேட்கும்போது அந்த நோட்டைக் காட்டலாம். மாநில மருத்துவ கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கும் தேதியையும் அதன் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நடுக்கடலில் இருக்கும்போது அது காலாவதி ஆகிவிடும், நினைவூட்டக் கப்பலில் யாரும் இல்லை.